காலி கார்ட்ரிட்ஜ்: ரீஃபில்லா, மறுசுழற்சியா?

பிரிண்டரில் மை தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் குழம்புகிறார்கள். குப்பைத்தொட்டி மட்டும் வேண்டாம், மற்ற இரண்டையும் பார்ப்போம்.

செலவு: ரீஃபில்தான் மலிவு, சந்தேகமே இல்லை. மறுசுழற்சிக்குக் கொடுத்தால் புதிது வாங்கியாக வேண்டும்.

நீடித்து உழைப்பது: இங்கேதான் விஷயமே இருக்கிறது. சில இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜ்களில் பிரிண்ட் ஹெட்டும் சேர்ந்தே இருக்கும். மையைத் தெளிக்கும் அந்த நுண்துளைகள் திரும்பத் திரும்ப நிரப்பும்போது பழுதாகி, ஒருநாள் எழுத்துக்கு நடுவே வெள்ளைக்கோடு விழ ஆரம்பிக்கும். காலியாகவே நெடுநாள் கிடந்ததென்றால் மை காய்ந்து அடைத்திருக்கும், அதை நிரப்பிப் பெரிய பிரயோஜனமில்லை. மைக்குப் பதில் பவுடர் இருக்கும் லேசர் டோனரில், அந்தப் பவுடரைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் உருளையான டிரம் தேய்ந்திருந்தால் பவுடரை மாற்றினாலும் தாளில் கோடும் கறையும்தான்.

சிரமம்: ரீஃபில் என்றால் கையெல்லாம் மை, அப்புறம் நிரப்பின பிறகும் கார்ட்ரிட்ஜில் மை அளவைச் சொல்லும் சில சிப்புகள் 'காலி' என்றே அடம்பிடிக்கும். டோனர் பவுடர் சிந்தினால் சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பரவிவிடும். மறுசுழற்சியில் இந்தத் தொல்லை இல்லை.

தினமும் கருப்பு வெள்ளையில் நிறைய பிரிண்ட் எடுப்பவர்கள், மை தீர்ந்த கையோடு சில முறை ரீஃபில் செய்யலாம். எப்போதாவது ஒரு பக்கம், இல்லை புகைப்படம் என்றால் மறுசுழற்சிக்கே கொடுத்துவிடுங்கள்.