இராமநாதபுரம் மாவட்ட வரலாற்று, மக்கள்தொகைச் சுவர்ப்படம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மண்டபத்துக்கு அருகே கடலோரச் சிற்றூர் ஒன்றில் மாணவர்களுக்காகப் படிப்பகம் நடத்தி வருகிறேன். அதன் சுவரில் மாட்டுவதற்காக, மாவட்டத்தின் வரலாற்றையும் மக்கள்தொகையையும் ஒரே தாளில் தரும் சுவர்ப்படம் ஒன்றை இராமநாதபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் 240 ரூபாய்க்கு வாங்கினேன். நடுவில் மாவட்டப் படமும், இடப்புறம் வரலாற்றுக் குறிப்புகளும், வலப்புறம் எண்களும் உள்ளன.

படத்தை வரைந்தவர் கடலை மதித்திருக்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொதுவாக மாவட்டப் படங்களில் கரை முடிந்ததும் வெறும் நீல நிறம்தான் இருக்கும். இதிலோ மன்னார் வளைகுடாவின் தீவுகள் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருவர் ஒரு மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள், படத்தின் முன் நின்று, “இது முயல் தீவு, அந்தா மனோலி” என்று விரல் வைத்துக் காட்டினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் அவர்களுக்குக்கூட இடம் பிசகவில்லை.

வரலாற்றுப் பகுதியும் பெரும்பாலும் நன்றாகவே அமைந்திருக்கிறது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் உரோமானியப் பானை ஓடுகள் கிடைத்ததும், பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்ததும் படத்தில் அந்தந்த ஊரின் மேலேயே குறிக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் பேருந்தில் கடந்து போகும் ஊருக்கு இப்படி ஒரு பழமை இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பதற்கு அதுவே காரணமாகிறது. கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியது, 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது ஆகியவையும் பிழையின்றி இடம்பெற்றுள்ளன.

தனுஷ்கோடிக்கு மட்டும் “1964 புயலில் அழிந்த நகரம்” என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் ரயில் நிலையமும் தேவாலயமும் ஊரும் போயின என்பது உண்மைதான். ஆனால் இன்றும் அந்த மணல்மேட்டில் குடிசை போட்டுக் கடலுக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவருக்கு நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “நாங்க அங்கதான இருக்கோம், அழிஞ்சு போச்சுன்னு எப்படி தம்பி போட்டாங்க?” என்று கேட்டார். மக்கள்தொகையைப் பேசும் ஒரு படத்தில் இருக்கிற மக்களே விடுபடுவது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இதைவிடப் பெரிய குறை வலப்புறத்தில் உள்ள மக்கள்தொகைக் கோட்டு வரைபடத்தில் இருக்கிறது. 1981இல் 30 லட்சத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோடு, 1991இல் 11 லட்சத்தை ஒட்டிச் சரிகிறது. காரணம் ஒரு சொல்லும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, பஞ்சத்தில் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்களா என்று கேட்டாள். மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் போனது மக்கள் அல்ல, எல்லைதான். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் காரைக்குடி, சிவகாசி, இராஜபாளையம் எல்லாம் அடங்கியிருந்தன. அவ்வளவு பரந்த அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில்தான் இயங்கியது. 1985இல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டப் பகுதிகள் தனியே போயின. வரைபடத்தின் அடியில் இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் போதும்.

2011 கணக்கெடுப்பின் எண்கள் சரியாக உள்ளன. மொத்தம் 13,53,445 பேர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கிராமத்தில் வாழ்பவர்கள். மாநில அளவில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வாழ, இங்கே 330 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால் இதைவிடப் புதிய எண்ணைத் தராததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தாலுகா வாரியாகவும் எண்கள் கொடுத்திருப்பது பள்ளிப் பிள்ளைகளின் செயல்திட்டங்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது.

தாள் தடிமனானது, லேமினேஷன் இன்னும் உரியவில்லை, எழுத்து பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறது. ஆனால் மேலும் கீழும் அடித்திருக்கும் தகரப் பட்டை உப்புக்காற்றுக்குத் தாங்கவில்லை. ஒரு வாடைக் காலம் முடிவதற்குள் துருப்பிடித்து, சிவந்த கறை தொண்டிப் பக்கம் வழிந்துவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கியதும் பட்டையைக் கழற்றிவிட்டு மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். 1981க்கும் 1991க்கும் நடுவே மாவட்டப் பிரிவினையை எழுதிய ஒரு சீட்டையும் ஒட்டியிருக்கிறேன். தனுஷ்கோடிக்கு எதிரே “இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன” என்று அந்த மாணவியே பேனாவால் எழுதிவிட்டாள்.