ஐசியூவில் ரத்தச் சர்க்கரை: 110-க்குள் இறுக்குவதா, 180 வரை விடுவதா?

ஐசியூ (தீவிர சிகிச்சைப் பிரிவு) நோயாளிக்கு இன்சுலின் கொடுத்து ரத்தச் சர்க்கரையை 80–110-க்குள் (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) இறுக்கிப் பிடிக்கலாம், 140–180-க்குள்ளும் வைத்திருக்கலாம். இரண்டு முறையிலும் வேலை பார்த்துவிட்டேன். இப்போது இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறேன். 200-க்கு மேல் ஏறவிடக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

இறுக்குவோரின் பலமான வாதம் நரம்பு. வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவர்களில் பலருக்குக் கைகால் நரம்புகள் பழுதாகி, மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் கையைத் தூக்க முடியாது. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வில் இறுக்கிய குழுவில் இந்தப் பாதிப்பு 44 சதவீதம் குறைந்தது. ஐசியூ மரணமும் 8-லிருந்து 4.6 சதவீதமாக இறங்கியது. அதை நம்பித்தான் நானும் தொடங்கினேன்.

என் மனதை மாற்றியது தாழ்சர்க்கரை. விழித்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். மயக்கத்தில் இருப்பவர் எதையும் காட்டமாட்டார். ஒரு இரவு, ஸ்கேனுக்காக ஒருவரின் மூக்குக் குழாய் உணவை நிறுத்தினோம். இன்சுலின் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் 38. மானிட்டரில் நாடித்துடிப்பு, அழுத்தம் எல்லாம் சரியாகவே இருந்தன. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஊசி, போட்டதும் ஏறிவிட்டது, சரி. ஆனால் மூளை குளுக்கோஸைச் சேர்த்து வைக்காது. அது எத்தனை நிமிடம் பட்டினி கிடந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை.

இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2009-ல் வந்த நைஸ்-சுகர் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகள். சர்க்கரை 40-க்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்கள் இறுக்கிய குழுவில் 6.8 சதவீதம், மற்றதில் 0.5. தொண்ணூறு நாளில் இறந்தவர்களும் இறுக்கிய குழுவில்தான் அதிகம்: 27.5 சதவீதம், மற்றதில் 24.9. அப்புறம் குளுக்கோமீட்டர். ரத்தசோகை இருந்தால் அது கூட்டிக் காட்டும். அழுத்தம் சரிந்தவரின் விரல்நுனி ரத்தத்தையும் நம்ப முடியாது. 160-ல் இருபது முப்பது தவறினால் தாங்கும், 90-ல் தாங்காது. அதனால் தமனி ரத்தத்தில்தான் பார்க்கிறோம்.

அப்படியானால் லூவனில் கிடைத்த பலன்? அந்தப் பழைய ஆய்வில் முதல் நாளிலிருந்தே ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் தாராளமாகப் போனது. தொடக்கத்தில் ரத்தக்குழாய் வழி ஊட்டம் தராமல் 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், இறுக்கியதால் ஐசியூ நாட்களும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை.

மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களை நான் பார்த்தது குறைவு. அவர்களின் நரம்புக்கு 110 உதவுமென்று ஒருவர் சொன்னால் மறுக்கும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. நான் செய்வது, மயக்க மருந்தைச் சீக்கிரம் குறைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது. உணவை நிறுத்தும் கை முதலில் பம்பைப் பார்க்கிறதா என்றும் கவனிக்கிறேன்.