பைலான்டெக் யுஎஸ்3000சி பேட்டரி + விக்ட்ரான் மல்டிபிளஸ்-2: 48 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது

மின்கம்பி எட்டாத இடத்தில் சோலார் போடுபவர்கள் அதிகம் விசாரிக்கும் ஜோடிகளில் இதுவும் ஒன்று: மல்டிபிளஸ்-2 48/5000 இன்வெர்ட்டரோடு யுஎஸ்3000சி லித்தியம் பேட்டரி. நல்ல ஜோடிதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டின் மேலும் 48 வோல்ட் என்று இருப்பதை நம்பி மாட்டிவிட்டால் பேட்டரி அடிக்கடி தானாக அணைந்துபோகும்.

முதல் கேள்வி, எத்தனை பேட்டரி? இரவுக்கு எத்தனை யூனிட் தேவை என்று பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஒரு யுஎஸ்3000சியில் 3.55 யூனிட், அதில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது சுமார் 3.37. ஆறு யூனிட் போதும் என்பவருக்கு இரண்டு பேட்டரி சரியாகத் தோன்றும். கரன்ட் கணக்கு அங்கேதான் இடிக்கிறது. இதற்குப் பரிந்துரைக்கப்பட்ட கரன்ட் 37 ஆம்பியர், தொடர்ந்து தாங்கும் எல்லை 74. இன்வெர்ட்டரின் பெயரில் உள்ள 5000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) கணக்கு; 25 டிகிரியில் கிடைப்பது 4000 வாட். அந்த 4000 வாட்டுக்கு, இழப்பையும் சேர்த்து, சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பேட்டரிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 45, மூன்றுக்கு 30. மோட்டார் கிளம்பும்போது இன்வெர்ட்டர் 9000 வாட் வரை எட்டினால் 200 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஒரு பேட்டரி 89 ஆம்பியரை ஒரு நிமிடம் தாங்கும். இரண்டு சேர்ந்தாலும் 178தான். ஆகவே மூன்றுக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது சார்ஜ் வோல்டேஜ். பெரும்பாலான கோளாறுகள் இதில்தான். சந்தையில் கிடைக்கும் '51.2 வோல்ட்' எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிகளில் 16 செல் இருக்கும். யுஎஸ்3000சியில் 15 செல்தான். 16 செல்லுக்கு வைத்த 56 வோல்ட்டை இதற்குக் கொடுத்தால் செல்லுக்கு 3.73 வோல்ட் ஆகிறது. எல்எஃப்பி செல்லின் உச்ச வரம்பே 3.65. லெட் ஆசிட் செட்டிங்கில் 57.6 வோல்ட் வைத்தால் 3.84. உடனே பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் துண்டித்துவிடும். அந்த நேரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தால் எம்பிபிடி (சோலார் பேனலிலிருந்து பேட்டரியை ஏற்றும் சார்ஜர்) கொட்டும் கரன்ட்டுக்குப் போக இடமிருக்காது. டிசி வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டரும் நின்றுவிடும்.

பைலான்டெக் சொல்லும் வரம்பு 52.5 முதல் 53.5 வோல்ட். விக்ட்ரான் அதைவிடக் குறைத்து 52.4 போதும் என்கிறது. இது நியாயமான முடிவு. செல்கள் இன்னும் சமநிலைக்கு வராத புதுப் பேட்டரியில் ஒரே ஒரு செல் முந்திக்கொண்டு ஓடினாலும் பிஎம்எஸ் அலறாமல் இருக்க இந்த இடைவெளி உதவும். அப்சார்ப்ஷன் (முழுக்க ஏற்றும் வோல்டேஜ்) 52.4, ஃப்ளோட் (ஏறிய பிறகு தாங்கி நிற்கும் வோல்டேஜ்) 51, குறைந்த வோல்டேஜில் நிற்பது 44 என்று இன்வெர்ட்டரில் வையுங்கள். எம்பிபிடியிலும் அதே 52.4, 51 இருக்கட்டும். பேட்டரிதான் கேன் என்ற தகவல் கேபிள் வழியாக எல்லாம் சொல்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். கேபிள் கழன்றால் எம்பிபிடி பொதுவாக சார்ஜை நிறுத்திவிடும்; பேட்டரியின் கட்டளை இல்லாமல் அது தனியாக ஓடும் நிலை வந்தால் இந்த எண்கள்தான் காப்பு.

கேன் இணைப்புக்கு செர்போ ஜிஎக்ஸ் மாதிரி ஒரு ஜிஎக்ஸ் கருவி (பேட்டரி, இன்வெர்ட்டர், எம்பிபிடி மூன்றையும் ஒருங்கிணைக்கும் விக்ட்ரான் கருவி) தனியாக வேண்டும். சாதாரண நெட்வொர்க் கேபிள் செருகத்தான் செருகும், வேலை செய்யாது. பைலான்டெக் பக்கம் கேன்-ஹை 4வது பின், கேன்-லோ 5வது பின். விக்ட்ரான் பக்கம் அவை 7, 8. டைப் ஏ என்று விற்கும் கேபிளையே வாங்குங்கள். செர்போ பக்கம் அடுத்த துளையில் டெர்மினேட்டர் (கேன் இணைப்பின் முனையை முடித்துவைக்கும் செருகி) போட்டு, போர்ட்டின் வேகத்தை 500 கிலோபிட் என வைக்க வேண்டும். லிங்க் போர்ட் 0 காலியாக இருக்கும் பேட்டரிதான் மாஸ்டர். கேன் கேபிள் அதில்தான் போக வேண்டும். இணைப்பு சரியாக வந்தால் சார்ஜ் வரம்பு, கரன்ட் வரம்பு, மிச்ச சதவீதம் மூன்றும் திரையில் தெரியும். வோல்டேஜை மட்டும் பார்த்து மிச்சத்தை ஊகிப்பது எல்எஃப்பியில் நடக்காத காரியம். நடுப்பகுதியில் வோல்டேஜ் அசைவதே இல்லை.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்வெர்ட்டருக்கு 5 மீட்டர் வரை 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், 200 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைத்தால் பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவைக் கடைசி பேட்டரியிலும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுதான் அதிகம் உழைக்கும். பஸ்பார் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் உலோகப் பட்டை) வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கினால் இன்னும் நல்லது. பிறகு இன்னொரு பேட்டரி சேர்ப்பதாக இருந்தால், பழையதையும் புதியதையும் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு இணையுங்கள்.

குறை என்றால் 15 செல் அமைப்புதான். நாளைக்கு மலிவாகக் கிடைக்கும் 16 செல் பேட்டரியை இதோடு பேரலலாகச் சேர்க்க முடியாது. வெறும் விளக்கு, மின்விசிறி, டிவி மட்டும் ஓடும் சிறு வீட்டுக்கு இந்த ஜோடியே அதிகப்படி. ஒரு சுமையும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் 18 வாட் தின்னும், நாளுக்கு 0.43 யூனிட். செர்போவின் செலவு அதற்கு மேல்.