நோட்ஸா, வீடியோவா, பாலாத்து மணலா? ஆறாவது சயின்ஸ்க்கு எது சரிவரும்

குடியாத்தம் பக்கம் ஆறு, ஏழு, எட்டுக்கு சயின்ஸ் எடுக்கறேன். புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், போர்டுல எழுதிப்போட்டு படிக்க வைக்கறதா, வீடியோ போடறதா, இல்ல பசங்களையே செய்ய விடறதான்னு. மூணையும் பண்ணி பாத்துட்டேன். ஆறாவதுல கலவையைப் பிரிக்கறதுன்னு வருமே, அந்த ஒரே பாடத்த வெச்சு சொல்றேன்.

நோட்ஸ்ல போர்ஷன் சீக்கிரம் முடியும், மார்க்கும் வரும், அத இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா தெளிய வெச்சு இறுத்தல்னா என்னன்னு கடகடன்னு ஒப்பிக்கற பையனுக்கு, வீட்ல அம்மா அரிசி களைஞ்சு தண்ணிய சாய்க்கறது அதேதான்னு தெரியாது.

வீடியோ வேற மாதிரி. 2018ல வந்த புது புக்ல க்யூஆர் கோடே இருக்கு, ஸ்கேன் பண்ணா போதும். அமீபா, செல்லு, சனி கிரகம் இதுக்கெல்லாம் வீடியோவ விட்டா வழியில்ல. ஜவ்வாது மலைல காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கு, பழைய வட ஆற்காடு மண்ணுதான், அதுக்காக நாப்பது பசங்கள ராத்திரில மலை ஏத்த முடியுமா? ஆனா வடிகட்டறத வீடியோல காட்டினா ரெண்டு நிமிஷத்துல கலங்கல் தண்ணி பளிச்சுன்னு ஆயிடுது, எங்கயும் தப்பு நடக்கல, அதனால ஒருத்தனும் கேள்வி கேக்கல.

செய்ய விட்டா நடக்கறதே வேற. வாட்டர் பாட்டில பாதியா அறுத்து கவுத்து, வாய்ல துணி கட்டி, கூழாங்கல்லு, மேல பாலாத்து மணலு, அவ்ளோதான் செலவு. மொத தடவ சேத்துத்தண்ணி ஊத்தினோம், ஊத்தினத விட கலங்கலா வந்துச்சு. "இன்னா சார் இது, மணலே அழுக்கா கீது"ன்னு ஒரு பையன் சொன்னான், பைப்படில போய் அவங்களே அலசிட்டு வந்தாங்க, ரெண்டாவது தடவ தெளிவா வந்துச்சு. அப்புறம் உப்புத்தண்ணி ஊத்தச் சொன்னேன், அதுவும் தெளிவாத்தான் இறங்குச்சு. உப்பு மணல்லயே நின்னுடுச்சான்னு கேட்டேன், பாதி கிளாஸ் ஆமாங்குது. ரெண்டு ஸ்பூன் எடுத்து எவர்சில்வர் தட்டுல ஊத்தி வெயில்ல வெச்சோம், நம்ம வேலூர் வெயிலுக்கு சொல்லணுமா, சாப்பாட்டு பெல்லு அடிக்கறதுக்குள்ள தட்டு ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு. ஒரு பொண்ணு அதையே பாத்துட்டு நின்னுச்சு, "அப்போ தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்லயா சார்?"

இந்த ஊர்ல அந்தக் கேள்விய விட பெரிய பாடம் எது? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடில தோல் பதனிடற டேனரிங்க விட்ட கழிவுத்தண்ணி பாலாத்த கெடுத்தது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996ல தீர்ப்பு வந்த விஷயம். அந்தக் கழிவுல கரைஞ்ச உப்பும் குரோமியமும் மணல்ல நிக்காதுன்னு அந்தத் தட்ட பாத்த பசங்களுக்கு நான் ரெண்டாவது தடவ சொல்லவே வேண்டியதில்ல.

செய்யறதுல கஷ்டம் இல்லாம இல்ல, ரெண்டு பீரியட் போயிடும், போர்ஷன் பின்னாடி நிக்குதுன்னு நானும் திட்டு வாங்கிருக்கேன். ஆனாலும் கைல செய்ய முடியறத வீடியோல காட்டாதீங்க. இன்னா ஆகும்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க, அப்புறம் செய்யட்டும், உப்ப பிரிக்கற ஆர்ஓ எப்படி வேலை செய்யுதுன்னு அதுக்கப்புறம் வீடியோ போடுங்க, நோட்ஸ் கடைசில, அதுவும் அவங்க வார்த்தைல. நாப்பது பேருக்கு எட்டு பாட்டில் போதும், அஞ்சு பேருக்கு ஒண்ணு. பாட்டில நீங்களே வீட்ல அறுத்துட்டு போயிடுங்க, பசங்க கைல பிளேடு வேணாம். மணலுக்கு அவங்கள ஆத்துக்கும் அனுப்பாதீங்க, பக்கத்துல வீடு கட்டறவங்கள கேட்டா ஒரு பக்கெட் தருவாங்க, கல்ல ஒடைச்சு செய்யற எம் சாண்டா இருந்தா மட்டும் நாலஞ்சு தடவ அலசணும், அதுல தூசி அதிகம்.