பூஞ்சை பிடித்த ஜூமும் தோவாளைப் பிச்சிப்பூவும்

சுத்தம் செய்யக் கொடுத்திருந்த என் கேமராவின் 18-135 எம்எம் ஜூம் லென்ஸ் நேற்றுதான் கைக்கு வந்தது. 18-ல் அகலமாகவும், 135-ல் தூரத்தை இழுத்தும் காட்டும். அதைக் கேள்விப்பட்ட நண்பன், "மக்கா, நான் ஜூம் வாங்கவா, 50 எம்எம் வாங்கவா?" என்று கேட்டான். 50 என்றால் ஜூம் ஆகாமல் ஒரே அளவில் நிற்கும் லென்ஸ். ஐந்து வருடமாக இரண்டையும் வைத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பூஞ்சைதான் கோபத்துக்குக் காரணம். இந்த ஜூமைத் திருகினால் குழல் நீள்கிறது, நீளும்போது வெளிக்காற்றும் உள்ளே போகிறது. முட்டம் கடற்கரைப் பாறையில் நின்று அப்படித் திருகினால் உப்பும் ஈரமும் போகாமல் என்ன செய்யும்? நம் கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சிலிக்கா ஜெல்லை மாற்ற மறந்தது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பெட்டியில் கிடந்த 50-க்கு ஒன்றும் ஆகவில்லையே! வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளிறின பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில் நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

சரி, நியாயமும் பேச வேண்டும். 'காலால் ஜூம் செய்' என்பார்கள். முட்டத்தில் வள்ளம் கரைக்கு வரும்போது எனக்கு முன்னால் கடல், எங்கே நடப்பது? மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் நின்றால் 115 அடி உயரத்தை ஜூமின் 18 அள்ளிவிடும். 50-ல் ஒரு தூணின் நடுப்பகுதிதான் கிடைக்கும், அதுவும் என் கேமராவின் சின்ன சென்சாரில் 75 எம்எம் போல இன்னும் குறுகலாகத் தெரியும். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படங்களில் பாதிக்கு மேல் ஜூமில் எடுத்தவை.

ஆனால் தோவாளைப் பூச்சந்தை இருக்கிறதே. விடியுமுன் போக வேண்டும், இருப்பதெல்லாம் பல்பு வெளிச்சம். 50-ல் வைத்தால் ஜூமின் ஒளித்துளை f/5-க்கு மேல் திறக்காது; இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது. 50 எம்எம் லென்ஸ் திறக்கும் f/1.8-ல் அதைவிட ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும். ஜூமில் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை 6400 வைத்து மணல் மணலாக எடுத்த அதே இடத்தில் இதற்கு 800 போதும். பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்பு முதல்முறை என் படத்தில் வந்தது அன்றைக்குத்தான். 50-ல் பக்கத்தில் போய்க் கேட்டுத்தான் எடுக்க முடியும். பூ அளந்துகொண்டிருந்த அம்மா, "எடுத்துட்டு வழிய விடு மக்கா" என்றார். அந்தக் கைகளை எடுத்த படத்தை இன்னும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

அதனால் மக்கா, 50 வாங்கு. ஜூமை எனக்கு விற்கிறாயா என்று மட்டும் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் போகிறேன்.