வானொலி நேரலைப் பெட்டி என்று சொல்லி 3,800 ரிங்கிட்டை விழுங்கிவிட்டார்கள்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவை இணைய வானொலியில் நேரலையாகக் கொடுக்க ஒரு ஜோடிப் பெட்டி வாங்கினோம். தோட்டத்தை விட்டு வெளியேறிய பெரியவர்கள் கேட்க ஆசைப்பட்டார்கள். விலை 3,800 ரிங்கிட். அத்தனையும் கோவில் பணம்.

கோவிலில் வைக்கும் பெட்டி மிக்சரிலிருந்து வரும் ஒலியைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும். வானொலி நிலையத்தில் இருப்பது அதை விரித்துத் தரும். ஒலியை இப்படிச் சுருக்கும் ஓப்பஸ் என்ற முறை 2012-இலேயே பொதுத் தரமாகிவிட்டது. சுமாரான இணைப்பே போதும். ஆனால் பெரிய நிலையங்கள் வைத்திருக்கும் வகையைப் புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இணையச் சந்தை ஒன்றில் பழைய சரக்கு தேடினோம்.

விற்றவன் வீடியோ அழைப்பில் வந்தான். "அண்ணே, கோவில் காரியம், இதில் போய் லாபம் பார்ப்பேனா?" என்றான். ஒரு பெட்டியில் நாதஸ்வரத்தைப் போட்டான். சற்றுத் தாமதித்து மற்றப் பெட்டியிலிருந்து அதே நாதஸ்வரம் வந்தது. அந்தத் தாமதம்தான் என்னை நம்பவைத்தது. இணையம் வழி வரும் ஒலி கொஞ்சமாவது பிந்தித்தான் வரும். அதைக்கூடத் தெரிந்து வைத்து நாடகம் ஆடியிருக்கிறான், படுபாவி.

பெட்டிகள் வந்தன. விளக்குகள் எரிந்தன, ஒலி வரவில்லை. கேட்டால், "ரௌட்டரில் 5060 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்" என்றான், அதாவது வெளியிலிருந்து இணைப்பு வரும் வழியை. இரண்டு பெட்டியும் ஒரே மேசையில், ரௌட்டர் வழியாகப் போகத் தேவையில்லாமல், ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருக்கும்போது எந்த ரௌட்டரை நான் திறப்பது? அடுத்து, மென்பொருள் அனுப்புகிறேன் என்றான். அதற்கும் அடுத்து, இன்ஜினியர் கிராமத்துக்குப் போயிருக்கிறாராம். முத்திரையைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற மிரட்டல் வேறு. பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்ததும் என் எண்ணை முடக்கிவிட்டான். சந்தைக்காரர்களிடம் முறையிட்டால் இயந்திரம் பதில் சொல்கிறது: "உங்கள் கருத்துக்கு நன்றி." 3,800 ரிங்கிட் போனது கருத்தாம்!

பிறகுதான் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். நெட்வொர்க் விளக்கு அப்போதும் பச்சையாகவே எரிந்தது. மூடியைக் கழற்றினால், அந்த விளக்குக்கு மின்சாரக் கம்பியிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள். மிக்சர் கேபிளைச் செருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் மூன்று கால்களில் ஒன்றில்கூட ஈயம் வைத்துக் கம்பி இணைக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு மலிவான புளூடூத் பலகை. இதற்கா 3,800 ரிங்கிட்?

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் யார்மீது கோருவது? கடைப் பக்கத்தில் இருக்கும் முகவரி, பார்சல் எடுத்துக்கொள்ளும் ஒரு மளிகைக்கடை.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், பொறுமை இல்லை. வீடியோவில் காட்டினால் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். விளக்கு அணைய வேண்டும், ஒலி நிற்க வேண்டும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கெடு முடியும்வரை இழுத்தடிக்க விடாதீர்கள், முதல் நாளே புகார் போடுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

இன்று காலை அதே ஜோடி மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, வேறு கடைப் பெயரில், 3,500 ரிங்கிட்டுக்கு. படத்தில் இருப்பது அதே மேசைவிரிப்பு. வாங்கிவிடாதீர்கள்.