ஹில்ஸ்பரோ கவுண்டியின் கைதுத் தேடல் பக்கம்: எதற்கு நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரை உள்ளடக்கிய ஹில்ஸ்பரோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒருவர் கைதாகியிருக்கிறாரா, எந்தச் சிறையில் வைக்கப்பட்டிருக்கிறார், பிணைத்தொகை எவ்வளவு என்று அறிய விரும்புபவர், வேறெங்கும் போவதற்கு முன் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப், அதாவது தலைமைக் காவல் அதிகாரி, அலுவலகம் நடத்தும் கைதுத் தேடல் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற கேள்வியும் இல்லை. பல ஆண்டுகளாக இங்கே வசிப்பவன் என்பதால், அவசரத்தில் இருக்கும் நண்பர்களுக்காக இதைத் திறந்து பார்க்க நேர்ந்திருக்கிறது. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க இது மிக நல்ல சேவை. அந்த ஆள் குற்றம் செய்தாரா என்று தெரிந்துகொள்ள இது உதவவே உதவாது. மோசமான வடிவமைப்பு இதற்குக் காரணமன்று. பதிவின் இயல்பே அப்படிப்பட்டது.

இந்தப் பதிவுகள் இவ்வளவு திறந்து கிடப்பதற்குச் சட்டமே காரணம். ஃபுளோரிடாவின் பொது ஆவணச் சட்டம் 1909-இல் பிறந்தது. இன்று மாநிலச் சட்டத் தொகுப்பின் 119-ஆவது அத்தியாயமாக இருக்கிறது. 1992-இல் வாக்காளர்கள் அதே உரிமையை மாநில அரசியல் சட்டத்திலும் சேர்த்தனர். ஆவணம் கேட்பவர் தன் பெயரையோ நோக்கத்தையோ சொல்ல வேண்டியதில்லை. கைதானவரைச் சிறையில் சேர்க்கும்போது எடுக்கும் புகைப்படமும், மக்‌ஷாட் என்று எல்லாரும் சொல்வது, பொது ஆவணமாகவே கருதப்படுகிறது. இன்னொரு வசதியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. டாம்பா, டெம்பிள் டெரஸ், பிளான்ட் சிட்டி ஆகிய நகரங்களுக்குத் தனித்தனிக் காவல் துறைகள் உண்டு. ஆனால் கவுண்டிச் சிறையை நடத்துவது ஷெரிஃப் என்பதால், கைது செய்தவர் யாராயினும் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது ஓரியன்ட் ரோடு சிறைக்குத்தான். ஆகவே எந்தக் காவல் துறை பிடித்தது என்று தெரியாவிட்டாலும் ஒரே இடத்தில் தேடினால் போதும். பதிவு முடிந்தபின் பலர் ஃபால்கன்பர்க் ரோடு சிறைக்கு மாற்றப்படுவதுண்டு.

தேடும் படிவம் எளிமையானது. ஆனால் நம் பெயர்கள் எளிமையானவை அல்ல. அமெரிக்கப் படிவங்கள் எல்லாம் குடும்பப்பெயர், முன்பெயர் என்ற இரண்டு கட்டங்களை நம்பி நிற்பவை. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயராகி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (‘முன்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துவிடும். நண்பர்கள் வட்டத்தில் கார்த்தி என்று அறியப்படும் ஒருவர், சிறைப் பதிவேட்டில் தந்தையின் பெயரிலோ, ஊர்ப்பெயரும் சேர்ந்த நீண்ட பெயரிலோ இருக்கக்கூடும். அதனால் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி ஒருமுறை, பெயரையும் தந்தை பெயரையும் இடம்மாற்றி ஒருமுறை, ‘த’ என்ற ஒலியை ஆங்கிலத்தில் எழுதும் இரண்டு வழிகளிலும் தலா ஒருமுறை எனத் தேடிப் பார்ப்பது நல்லது. அப்படியும் கிடைக்காவிட்டால், பெயரை விட்டுவிட்டுக் கைதான தேதியை மட்டும் கொடுத்து அன்றைய பட்டியலைப் படித்துப் பார்க்கலாம். கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள் என்று சேர்க்கும் நடைமுறை முடியும்வரை பெயர் பக்கத்தில் ஏறாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைதான ஒரு மணி நேரத்துக்குள் பெயர் இல்லையென்றால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

பெயர் கிடைத்தபின் திறக்கும் பதிவில் புகைப்படம், பதிவு எண், கைது செய்த துறை, குற்றப்பிரிவு, பிணைத்தொகை முதலியன இருக்கும். பிரிவு எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்: 316.193 என்றால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் குற்றச்சாட்டு, 784.03 என்றால் அடிதடி. இங்கேதான் குடும்பத்தினர் வீணாகப் பதறுகிறார்கள். குடித்து ஓட்டிய வழக்கில் பிணைப்பணம் கையில் இருந்தும் ஆளை உடனே விடமாட்டார்கள். போதை தெளிய வேண்டும், அல்லது இரத்தத்தில் மது அளவு 0.05-க்குக் கீழே இறங்க வேண்டும், அல்லது கைதாகி 8 மணி நேரம் கழிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வீட்டு வன்முறை வழக்கு என்றால், நீதிபதி முன் முதல்முறை நிறுத்தும்வரை பிணையே கிடையாது. அதைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய குற்றம் என்று ஊருக்குத் தொலைபேசியில் அழுபவர்கள் உண்டு. முதல் முன்னிறுத்தல் 24 மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும், பெரும்பாலும் அங்கேயே பிணை நிர்ணயமாகிவிடும். இவ்வளவு முக்கியமான இந்த விளக்கத்தை அந்தப் பதிவுக்கு அருகிலேயே இரண்டு வரிகளில் எழுதி வைத்தால் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

இனி குறைக்கு வருவோம். அந்தப் பதிவு, கைது செய்த அதிகாரி அந்த நேரத்தில் எழுதிய பிரிவை மட்டுமே சொல்கிறது. அதன்பின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதே பிரிவில் வழக்குத் தொடரலாம், சிறிய குற்றமாகக் குறைக்கலாம், வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாம். காவலில் இருப்பவர்மீது முறைப்படி குற்றச்சாட்டு தாக்கல் ஆகாவிட்டால் 33-ஆவது நாளில் அவரை விடுவிக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா விதி. தக்க காரணம் காட்டினால் அது 40-ஆவது நாள். இந்தப் பிந்தைய கதை எதையும் அறிய நீதிமன்றப் பதிவுகளைப் பராமரிக்கும் கிளார்க் அலுவலகத்தின் ‘ஹோவர்’ என்ற தளத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கு எண்ணின் நடுவில் ‘சிஎஃப்’ இருந்தால் பெருங்குற்றம், ‘சிடி’ இருந்தால் குற்றத் தன்மையுள்ள போக்குவரத்து வழக்கு. தாக்கலான மனுக்கள், விசாரணைத் தேதிகள், முடிவு என எல்லாம் வரிசையாக இருக்கும். தோற்றம் பழையது, சட்டச் சொற்கள் கடினம். ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டு, தலை கலைந்து, மிரண்டு நிற்கும் ஒருவரின் முகத்தை, அவர்மேல் எந்த நீதிமன்றமும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லாத நிலையில், உலகம் முழுவதும் பார்க்கும்படி வைப்பது ஆளை அடையாளம் காண்பதற்குத் தேவையான அளவைத் தாண்டியது என்பது என் கருத்து. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஷெரிஃப் அலுவலகம் கைதானவர்களின் படங்களைச் சில நாட்கள் இணையத்தில் இட்டு வந்ததை எதிர்த்து, தன்மீது வழக்கே தொடரப்படாத ஒருவர் நீதிமன்றம் சென்றார். 2024 செப்டம்பரில் அரிசோனா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான நடுவண் நீதிமன்றமான 9-ஆவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே தண்டிப்பதற்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பின் அடிப்படையில் அவருடைய வழக்கு நிற்கும் என்று தீர்ப்பளித்தது. ஃபுளோரிடா 11-ஆவது சுற்றைச் சேர்ந்தது என்பதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. டாம்பாவில் பழைய முறைதான்.

அரசுப் பக்கத்தில் இருக்கும் படம் அங்கேயே இருந்தாலும் பரவாயில்லை. அதை மொத்தமாக எடுத்துத் தங்கள் தளங்களில் அடுக்கி வைக்கும் தனியார்களே பெருந்தொல்லை. ஒரு காலத்தில் இவர்களில் பலர் படத்தை நீக்கப் பணம் கேட்டார்கள். 2018 ஜூலை 1 முதல் ஃபுளோரிடாவில் அதற்குத் தடை: நீக்குவதற்காகக் கட்டணம் கேட்கவோ வாங்கவோ கூடாது, படத்தில் இருப்பவர் பதிவுத் தபாலில் எழுத்துமூலம் கேட்டால் 10 நாட்களுக்குள் நீக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்தப் பதிவுத் தபால் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகைத் தனியார் தளங்கள் ‘முழுக் குற்றப் பின்னணி’ தருவதாக விளம்பரம் செய்பவை. நான் பார்த்த ஒன்றில், பெயரைக் கொடுத்ததும் ஏதோ பெரிய ஆராய்ச்சி நடப்பதுபோல் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. பணம் கட்டியபின் வந்தது, ஹோவரில் இலவசமாகக் கிடைப்பதில் பாதிகூட இல்லை, அதிலும் வேறொருவரின் பழைய போக்குவரத்து வழக்கு கலந்திருந்தது. மாதச் சந்தாவை நிறுத்துவது தனிப் போராட்டம். வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் இத்தகைய தளங்களின் அறிக்கையை வைத்து முடிவெடுப்பது சட்டச் சிக்கலும் தரும்; இத்தகைய பின்னணி அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் 1970-ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தின் வழியாக, வேலைக்கு என்றால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துமூல ஒப்புதலுடன்தான் அதைச் செய்ய வேண்டும். மாநிலம் முழுவதற்குமான பதிவு வேண்டுமென்றால், ஃபுளோரிடா சட்ட அமலாக்கத் துறை 24 டாலரும் சிறு சேவைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு தருகிறது.

கவுண்டிப் பக்கத்தில் ஆள் கிடைக்காதபோது வேறு இரண்டு கதவுகள் உண்டு. நடுவண் சிறைத் துறையின் தேடலில் 1982 முதல் இருந்த கைதிகளைக் காணலாம். குடியேற்றத் துறைக் காவல் என்றால் அத்துறையின் தேடலில் ஏ-எண்ணும் (வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) பிறந்த நாடும் கொடுக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கோ, 1994-இல் கென்டக்கியின் லூயிவில்லில் தொடங்கிய ‘வைன்’ சேவையே மேல்; குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகும்போது தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ இலவசமாகத் தெரிவித்துவிடும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை வலியுறுத்த வேண்டும். தண்டனைத் தீர்ப்பு இல்லாமல் முடிந்த வழக்கின் பதிவை அழிக்க, 75 டாலர் கட்டித் தகுதிச் சான்று பெற்று நீதிமன்றத்தை அணுகலாம். இந்த வாய்ப்பு பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான். ஆனால் விசா விண்ணப்பத்தின் கேள்வி ‘எப்போதாவது கைதானீர்களா’ என்பதே; அழித்த பதிவுக்கும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். குற்றவாளி என்று அறிவிக்காமல் நீதிபதி தீர்ப்பை நிறுத்திவைத்த வழக்கைக்கூட, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ ஏற்றிருந்தால், குடியேற்றச் சட்டம் தண்டனையாகவே எண்ணும். ஆகவே பதிவை அழிக்க மனுப்போடுவதற்கு முன்பே, கிளார்க் அலுவலகத்தில் பக்கத்துக்கு 1 டாலரும் சான்றொப்பத்துக்கு 2 டாலரும் கட்டி, வழக்கின் முடிவைக் காட்டும் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்தபின் அதே கவுண்டரில் கேட்டால் அப்படியொரு வழக்கு இருப்பதாகவே சொல்லமாட்டார்கள்.